ஒரு கம்பி, யாருக்கு எத்தனை நாழி?

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடம் என்பதால் அந்த ஊருக்குத் திருமுக்கூடல் என்று பெயர். வருஷத்தில் பாதி நாள் ஆற்றில் மணல்தான் தெரியும். கரையில் அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயில். அதன் சுவரில் வீரராஜேந்திர சோழன் (1063–1070) காலத்து நீளமான கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கோயிலைச் சேர்ந்த பள்ளிக்கும் விடுதிக்கும், 15 கட்டில்கள் கொண்ட ‘வீரசோழன்’ என்ற ஆதுலர் சாலைக்கும் எழுதிய கணக்கு அது. மருத்துவருக்கு எவ்வளவு நெல், அறுவை செய்பவருக்கு எவ்வளவு, மருந்துச் செடி கொண்டுவருபவருக்கு எவ்வளவு, படுத்திருக்கும் நோயாளிக்குத் தலைக்கு ஒரு நாழி அரிசி, ராத்திரி விளக்குக்கு எண்ணெய், மாணவர்களின் சனிக்கிழமைக் குளியலுக்கு எண்ணெய் என்று எதையும் விடவில்லை. களஞ்சியம் ஒன்று, கை நீட்டுகிறவர்கள் பலர். நாளைக்குத் தகராறு வரக்கூடாது என்று கல்லிலேயே வெட்டி வைத்துவிட்டார்கள்.

அதே வட்டாரத்து வீடுகளில் இன்று யாரும் எழுதி வைக்காத ஒரு பங்கு இருக்கிறது. இன்டர்நெட்.

காஞ்சிபுரம் மாவட்டத்தின் எந்தக் கிராமத்திலும் நடக்கக்கூடிய ஒரு சாயங்காலத்தை நினைத்துப் பாருங்கள். மணி ஏழரை. கேபிள்காரர் இழுத்துக் கொடுத்த 30 எம்பிபிஎஸ் ஃபைபர் லைன், கூடத்தில் டிவி ஸ்டாண்டுக்கு மேல் பச்சை விளக்கோடு உட்கார்ந்திருக்கிறது. மாடி ரூமில் மூத்த பெண்ணுக்கு ஆன்லைன் கோச்சிங் கிளாஸ். நடுக்கூடத்தில் ஆயாவுக்கு யூடியூபில் விட்டுப்போன சீரியல். தம்பி லேப்டாப்பில் ‘சும்மா’ ஏதோ செய்கிறான். நைனாவின் போன் சட்டைப்பையில் தானாக வேலை பார்க்கிறது.

“யம்மா, கிளாஸ் கட் ஆவுது! எவன் என்னா போட்டுனு இருக்கான்?”

“நான் ஒண்ணும் பண்லக்கா. பாட்டுதான் கேக்கறேன்.”

மறுநாள் கேபிள்காரருக்குப் போன் போகும். அவர் வந்து வேகத்தை அளந்து காட்டுவார். முப்பது என்று முள் நிற்கும். “லைன் நல்லாதான் கீது சார், அம்பது பிளானுக்கு மாத்திக்கங்க” என்பார். ஐம்பது வந்த பிறகும் ஏழரை மணிக்கு அதே கூப்பாடு கேட்கும். ஏன் என்பதைத்தான் இந்தக் கட்டுரை பார்க்கப் போகிறது. அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று, விஎஸ்என்எல் வழியாக. போன் லைன் ஒன்று, கம்ப்யூட்டர் ஒன்று. நெட் ஓடினால் போன் ‘எங்கேஜ்’. பங்கு போடுகிற பேச்சுக்கே அப்போது இடமில்லை. அதைத் தமிழ்நாட்டுக்கு முதலில் கற்றுத் தந்தது பிரவுசிங் சென்டர். ஒரே இணைப்பை ஒரு கம்ப்யூட்டரில் வாங்கி, ஹப் வழியாக வயர் இழுத்து, பிளைவுட் தடுப்புகளுக்குள் இருக்கும் மற்ற மெஷின்களுக்குப் பிரித்து விடுவார்கள். 1999இல் வந்த விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பு, இணைப்பைப் பங்கிடும் வசதியைத் தன்னோடே கொண்டுவந்தது. அதில் ஒரு சங்கடம் உண்டு. முதலாளியின் மெஷின் தொங்கிவிட்டால், பிளஸ் டூ ரிசல்ட் பார்க்க வந்த அத்தனை பேரும் சேர்ந்து தொங்க வேண்டியதுதான்.

கிராமத்துக்கு வந்த பங்கு இன்னும் சிறியது. 2001 வாக்கில் மதுரை மாவட்டம் மேலூர் பக்கத்தில் சென்னை ஐஐடியின் ‘கார்டெக்ட்’ தொழில்நுட்பத்தை வைத்து இன்டர்நெட் கியோஸ்க்குகள் தொடங்கினார்கள். அதன் வேகம் நொடிக்கு 35 அல்லது 70 கிலோபிட். அந்த நூலிழைதான் ஊருக்கே. ஆனாலும் அங்கே அடிதடி இல்லை. கியோஸ்க் நடத்துபவர் ஒருவர் உட்கார்ந்து வரிசைப்படி விட்டார்.

2005 ஜனவரியில் பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் வந்தது. ‘பிராட்பேண்ட்’ என்றால் குறைந்தது 256 கேபிபிஎஸ் என்று 2004ஆம் ஆண்டுக் கொள்கை வரையறுத்திருந்தது. இன்று ஒரு வாட்ஸ்அப் வீடியோ கால் அதில் மூச்சுத் திணறும். அந்த நாளில் கிடைத்த ஒரு வகை மோடத்தில் லேன் துளை ஒன்றும் யுஎஸ்பி துளை ஒன்றும் இருக்கும். லேனில் ஒரு கம்ப்யூட்டர், யுஎஸ்பியில் இன்னொன்று என்று சொருகி, ரவுட்டர் வாங்காமலே இரண்டு மெஷினை ஓட்டியவர்கள் உண்டு. ராத்திரி 2 மணியிலிருந்து காலை 8 வரை கணக்கில்லாத டவுன்லோடு தந்த பிளான்களுக்காக அலாரம் வைத்து எழுந்தவர்களும் இதைப் படித்துக்கொண்டிருக்கலாம். அதுவும் ஒரு முறைப்பாசனம்தான்.

கிராமத்து வீட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட கம்ப்யூட்டர் எப்படி வந்தது? பணக்காரராகி அல்ல. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு விலையில்லா லேப்டாப் கொடுக்கத் தொடங்கியது. அடுத்த பத்தாண்டுக்குள் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்கள் மாணவர் கைக்குப் போயின. அக்கா பிளஸ் டூவில் ஒன்று, தம்பி பிளஸ் டூவில் ஒன்று, சித்தப்பா பையன் பாலிடெக்னிக்கில் ஒன்று. காரை வீட்டில் மூன்று லேப்டாப் இருக்கும், இன்டர்நெட் இருக்காது. 2020 ஊரடங்கில் வகுப்பெல்லாம் திரைக்குள் போனபோதுதான் இந்த முரண் சுரீரென்று உறைத்தது. 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை கல்லூரி மாணவர்கள் ஒன்பதரை லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு தினம் 2 ஜிபி டேட்டா கொடுத்தது அரசு. அது ஆளுக்கொரு சிம். வீட்டுக்கு ஒரு லைன் என்பது அதற்குப் பிறகு கேபிள்காரரின் ஃபைபரோடு வந்து சேர்ந்தது.

சரி, ஒரே லைனில் நாலு மெஷின் எப்படி ஓடுகிறது? நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு இதை ஒரே சொல்லில் சொல்லிவிடலாம். பி.பி. நம்பர்.

தெருவுக்கு ஒரு போன் இருந்த காலம். கல்யாணப் பத்திரிகையில், வேலை விண்ணப்பத்தில், எதிர்வீட்டு நம்பரைப் போட்டுப் பக்கத்தில் ‘பி.பி.’ என்று எழுதுவார்கள். வெளியுலகத்துக்குத் தெரிந்தது அந்த ஒரு நம்பர்தான். போன் வந்தால் எதிர்வீட்டு அக்கா வாசலுக்கு வந்து குரல் கொடுப்பார். வீட்டு ரவுட்டர் செய்வது அச்சு அசலாக அதே வேலை. இன்டர்நெட்டுக்குத் தெரிந்தது ஒரு முகவரி. உள்ளே இருக்கும் லேப்டாப்புக்கும் போனுக்கும் 192.168 என்று தொடங்கும் வீட்டுப் பெயர்கள். இந்த எண்களெல்லாம் வீட்டுக்குள் மட்டும் செல்லும் என்று 1996 பிப்ரவரியில் வந்த விதி ஒதுக்கி வைத்திருக்கிறது. அதனால் உத்திரமேரூரிலும் 192.168.1.1 உண்டு, டொரான்டோவிலும் உண்டு. குழப்பம் வராது. வீட்டுக்குள் எல்லாக் குழந்தையும் ‘பாப்பா’தானே.

எந்த மெஷின் எதைக் கேட்டு வெளியே ஆள் அனுப்பியது என்று ரவுட்டர் தன் நோட்டில் குறித்துக்கொள்ளும். பதில் வந்ததும் நோட்டைப் பார்த்து உரியவரிடம் சேர்க்கும். இந்த ஏற்பாட்டை 1994 மே மாதம் க்யெல் ஏகவாங், பால் ஃபிரான்சிஸ் என்ற இருவர் எழுதி வெளியிட்டார்கள். தற்காலிகத் தீர்வாக நினைத்த விஷயம் இது. உலகத்துக்கு மொத்தமே 429 கோடி முகவரிகள்தான். தீர்ந்துபோகும் என்ற பயம் அப்போதே இருந்தது. 2011 பிப்ரவரி 3 அன்று மையக் கையிருப்பு காலியாகியும்விட்டது. தற்காலிகம் என்று போட்ட கீற்றுக்கொட்டகை முப்பது வருஷமாக நிற்கிறது.

பி.பி. நம்பரின் குறை இதிலும் உண்டு. யாருக்கு என்று சொல்லாமல் வெளியிலிருந்து வரும் அழைப்பை ரவுட்டர் யாரிடம் கொடுக்கும்? கதவைச் சாத்திவிடும். திருடன் உள்ளே வராததற்கும் இதுவே காரணம். நெல் குடோனில் மாட்டிய சிசிடிவியை வெளியூரிலிருந்து நேரடியாகத் திறக்க முடியாமல் நைனா தவிப்பதற்கும் இதுவே காரணம்.

இனி பெட்டி இருக்கும் இடத்துக்கு வருவோம். பாதித் தகராறு இங்கேதான் ஆரம்பம். கேபிள்காரர் ஜன்னல் வழியாக ஃபைபரை நுழைத்து, கைக்கு எட்டிய பிளக் பாயின்ட் பக்கத்தில் பெட்டியை வைத்துவிட்டுப் போவார். அது பெரும்பாலும் வாசல் அறை. மாடி ரூமுக்கும் அதற்கும் நடுவே ஒரு கான்கிரீட் தளம், ரெண்டு செங்கல் சுவர், ஒரு இரும்பு பீரோ. 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை வேகமானது, ஆனால் சுவரைக் கண்டால் சுருண்டுவிடும். 2.4 தூரம் போகும், வேகத்தில் பின்தங்கும். இந்த நிலையில் வேகமான பிளான் வாங்குவது, அடைத்துக்கொண்ட குழாய்க்கு மேலே பெரிய டேங்க் கட்டுவது மாதிரி.

பழைய லேன் கேபிளே இதற்கு நல்ல மருந்து. நூறு மீட்டர் வரை தாங்கும். ஜன்னல் ஓரமாக மாடிக்கு ஒரு வயர், மேலே ஒரு சின்ன சுவிட்ச் பெட்டி. அதிலிருந்து மூன்று லேப்டாப்புக்குப் பிரிந்து போகலாம். அந்த வயரைக் கொஞ்சம் உரித்துப் பார்க்கலாம். உள்ளே எட்டு இழை, இரண்டிரண்டாகப் பின்னியிருக்கும். ஆரஞ்சு-வெள்ளை, ஆரஞ்சு, பச்சை-வெள்ளை, நீலம், நீலம்-வெள்ளை, பச்சை, பழுப்பு-வெள்ளை, பழுப்பு. இந்த வரிசையில் அடுக்கி, நுனியைச் சமமாக வெட்டி, கனெக்டரில் நுழைத்து கிரிம்ப் அடிக்க வேண்டும். கண்ணாடி மாதிரி இருக்கும் அந்தக் கனெக்டரின் முனை வரை எட்டு செம்புப் புள்ளிகளும் வந்து தொடுகின்றனவா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார் அனுபவசாலி. அந்தப் பார்வைக்கு விலை உண்டு. 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு இந்த எட்டில் நாலு இழை போதும், ஆயிரத்துக்கு எட்டும் வேண்டும். நீலத்தில் ஒன்று சரியாகத் தொடாவிட்டால் லைன் செத்துப்போகாது. சத்தமில்லாமல் நூறுக்கு இறங்கிவிடும். வருஷக்கணக்கில் 200 எம்பிபிஎஸ்ஸுக்குப் பணம் கட்டி நூறிலேயே ஓட்டும் வீட்டை இப்படித்தான் கண்டுபிடிக்க முடியும்.

இன்னொரு வில்லங்கம், பழைய ரவுட்டரைத் தூக்கி மாடியில் வைப்பது. வீணாகக் கிடக்கிறதே என்ற நல்லெண்ணம்தான். ஆனால் கீழே இருக்கும் பெட்டியும் வீட்டுப் பெயர் கொடுக்கும், மேலே இருப்பதும் கொடுக்கும். இரண்டையும் லேன் துளையில் இணைத்துவிட்டால் ஒரு ஊருக்கு ரெண்டு நாட்டாமை. ஒரே 192.168.1.1 என்ற பெயரில் இரண்டும் தீர்ப்புச் சொல்லும். வீட்டில் பாதிக்கு நெட் வரும், பாதிக்கு வராது, மாற்றி மாற்றி. மேலே இருப்பதன் பெயரை 192.168.1.2 என்று மாற்றி, முகவரி கொடுக்கும் அதிகாரமான டிஹெச்சிபியைப் பிடுங்கிவிட வேண்டும். அதற்குப் பிறகு அது நல்ல எடுபிடியாக இருக்கும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் ஏழரை மணிக்கு கிளாஸ் ஏன் கட் ஆகிறது?

கணக்கைப் பார்த்தால் கட் ஆகக்கூடாது. யூடியூப் முழு எச்டிக்கு 5 எம்பிபிஎஸ் இருந்தால் தாராளம். வீடியோ வகுப்புக்கு அதில் பாதி போதும். முப்பதில் இது பாதிகூட வரவில்லை. மீதியைத் தின்றது யார்? தம்பியின் ‘சும்மா’வில் 30 ஜிபி கேம் ஒன்று இறங்கிக்கொண்டிருந்தால், அது முழு முப்பதையும் கேட்கும், இரண்டு மணி நேரத்துக்கு மேல் கேட்டுக்கொண்டே இருக்கும். அதைவிடக் கள்ளத்தனமானது நைனாவின் போன். கல்யாணத்தில் எடுத்த வீடியோக்களை அது மேகத்துக்கு ஏற்றிக்கொண்டிருக்கும். ஏறும் பாதையில் நெரிசல் என்றால், இறங்கும் பாதை காலியாக இருந்தும் பயனில்லை. ‘வந்து சேர்ந்தது, அடுத்ததை அனுப்பு’ என்று சொல்லும் சின்னச் சின்னத் தகவல்களும் அந்த ஏறும் வரிசையில்தான் நிற்க வேண்டும்.

ரேஷன் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். முன்னால் ஒருவர் தெருவில் இருக்கிற இருபது கார்டையும் அள்ளிக்கொண்டு வந்து நிற்கிறார். பின்னால் ஒரு பாட்டி, அரைக்கிலோ சர்க்கரைக்காக. கடைக்காரரின் கை வேகம் குறையவே இல்லை, பாட்டிக்கு மட்டும் மத்தியானமாகிவிடுகிறது. வேகமானியில் முள் முப்பதைக் காட்டுவதும் கிளாஸ் கட் ஆவதும் ஒரே நேரத்தில் நடப்பது இப்படித்தான். மோடத்துக்குள் இருக்கும் வரிசை நீண்டுபோய், 20 மில்லிசெகண்டில் வர வேண்டிய பதில் ஒரு செகண்ட் கழித்து வரும். சீரியல் அதைத் தாங்கும், முன்கூட்டியே கொஞ்சம் சேர்த்து வைத்திருக்கும். வாத்தியாரின் குரல் தாங்காது.

இந்த நோய்க்கு ‘பஃபர்புளோட்’ என்று பெயர் வைத்தவர் ஜிம் கெட்டிஸ். பெல் லேப்ஸில் இருந்த அனுபவசாலி. 2010இல் அவர் தன் வீட்டிலிருந்து பெரிய ஃபைல்களை ஏற்றிக்கொண்டிருந்தபோது இதை விடாமல் துருவிப் பிடித்தார். நெட் மெதுவாக இருக்கிறது என்று அவர் பிள்ளைகள் ஏற்கெனவே அப்பாவிடம் புகார் சொல்லிவந்தவர்கள்தான். அமெரிக்காவிலும் ஏழரை மணி ஏழரை மணிதான் போலிருக்கிறது.

மருந்து அதற்கு முன்பே எழுதப்பட்டிருந்தது. 1985இல் ஜான் நேகிள் ஒரு யோசனை சொன்னார். எல்லாரையும் ஒரே வரிசையில் நிறுத்தாதே, ஆளுக்கொரு வரிசை போடு, ஒவ்வொன்றிலிருந்தும் முறைவைத்து ஒன்றொன்றாக எடு. 1989இல் ஆலன் டெமர்ஸ், ஐஐடி டெல்லியில் படித்த ஸ்ரீனிவாசன் கேசவ், ஸ்காட் ஷெங்கர் மூவரும் அதைக் கறாரான கணக்காக்கினார்கள். குறைவாகக் கேட்பவருக்குக் கேட்டது முழுவதும் கிடைக்கும். மிச்சத்தை அதிகம் கேட்பவர்கள் தங்களுக்குள் சமமாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். இருபது கார்டுக்காரர் ஒரு கார்டுக்கு ஒருமுறை வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும், அவ்வளவுதான்.

ஏரிப் பாசனக்காரருக்கு இது புதிதல்ல. தெற்கே உத்திரமேரூரில் 919, 921ஆம் ஆண்டுகளின் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் சொல்லும் குடவோலை முறையில் ஏரி வாரியத்துக்கும் ஆள் எடுத்தார்கள். மதகுத் தண்ணீரை யார் கழனிக்கு எப்போது திருப்புவது என்பதைப் பார்க்க ஊர் நீர்க்கட்டி என்று ஒருவரை வைத்தது. மண்வெட்டி அவர் கையில். தலைமடைக்காரன் விருப்பத்துக்கு விட்டால் கடைமடை காயும் என்பது ஊருக்குத் தெரியும். நம் வீட்டு ரவுட்டர்களில் பல, மண்வெட்டி இல்லாத நீர்க்கட்டிகள்.

மண்வெட்டி கொடுக்க முடியும். சில ரவுட்டர்களில் ‘க்யூஓஎஸ்’ என்ற பெயரில் அமைப்பு இருக்கும். ஓபன்-டபிள்யுஆர்டி போன்ற இலவச மென்பொருள் ஏற்றிய ரவுட்டர்களில் ‘எஸ்க்யூஎம்’ இருக்கும். 2018இல் முறையான ஆவணமாக வெளிவந்த ஃப்ளோ க்யூ கோடல் முறைதான் அதன் உயிர். அமைக்கும்போது ஒரு சூட்சுமம்: லைன் 30 என்றால் ரவுட்டரில் 27 என்று எழுத வேண்டும். ஏறும் வேகத்துக்கும் அதேபோல் பத்து சதவீதம் குறைத்து. மூன்று எம்பிபிஎஸ்ஸை விட்டுக்கொடுத்தால், வரிசை கேபிள்காரரின் பெட்டியில் தேங்காமல் நம் வீட்டுப் பெட்டிக்குள்ளேயே, நம் பார்வையில் நிற்கும். ஐம்பது பிளானுக்கு மாறுவதற்கு முன்னால் செய்து பார்க்க வேண்டியது இதுதான் என்பது இந்தக் கட்டுரையின் கட்சி. இந்த வசதி இல்லாத பெட்டியானால், ஏழிலிருந்து ஒன்பது வரை போனின் பேக்கப்பையும் கேம் டவுன்லோடையும் நிறுத்திவைப்பது. சமையல்கட்டுக் காலண்டரில் எழுதி மாட்டலாம். கல்வெட்டு அளவுக்கு நிற்காது, பொதுத்தேர்வு வரைக்கும் நிற்கும்.

நம் பங்குச் சண்டைக்கு மேலே, தெருவில் இன்னொரு பங்கு நடக்கிறது. ஜிபான் முறையில் வரும் ஒரு இழையின் இறங்கு திறன் ஏறக்குறைய 2.5 ஜிபிபிஎஸ். மின்கம்பத்தில் தொங்கும் சின்னப் பெட்டிக்குள், மின்சாரமே இல்லாத கண்ணாடித் துண்டு ஒன்று அந்த ஒளியை 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிக்கிறது. முகவரியிலும் அதே கதை: பல வீடுகளைச் சேர்த்து ஒரே பொது முகவரிக்குப் பின்னால் நிறுத்துகின்றன சில நிறுவனங்கள். பி.பி. நம்பருக்கு ஒரு பி.பி. நம்பர்.

பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாமா? சுவரைத் தாண்டி ஒரு லேன் கேபிள், மாதாமாதம் பாதிப் பணம் என்று ஓட்டும் பழக்கம் உண்டு. சேவை நிறுவனங்களின் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் இதைத் தடுக்கின்றன. பக்கத்து வீட்டுப் பையன் ஏதாவது விபரீதம் செய்தால் போலீஸ் தேடி வரும் முகவரி உங்களுடையது. ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு ஆபத்து. ரெண்டு வீட்டுக்கு நடுவே வெட்டவெளியில் தொங்கும் செம்புக் கேபிள் இடி மின்னலின் அதிர்ச்சியை இரண்டு வீட்டுக்கும் பங்கிட்டுக் கொடுத்துவிடும். கண்ணாடி இழைக்கு அந்தப் பயம் இல்லை.

முறையாகப் பங்கிட ஒரு வழி இருக்கிறது. 2020 டிசம்பர் 9 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பிஎம்-வாணி திட்டப்படி, டீக்கடைக்காரரோ மளிகைக்கடைக்காரரோ உரிமம் இல்லாமலே தன் கடை இணைப்பைப் பொது வைஃபை ஆக்கிச் சின்னத் தொகைக்கு விற்கலாம். இத்தகைய கடைகளிடம், சாதாரண வீட்டு ஃபைபர் கட்டணத்தின் இரு மடங்குக்கு மேல் நிறுவனங்கள் வாங்கக்கூடாது என்று 2025 ஜூனில் டிராய் உச்சவரம்பு வைத்தது. தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழையைக் கொண்டுபோகும் பாரத்நெட் வேலையை டான்ஃபிநெட் நிறுவனம் பார்க்கிறது. ஊராட்சிக்கு 1 ஜிபிபிஎஸ் என்பது இலக்கு. அது ஊராட்சி அலுவலகத்து வாசல் வரை வரும். அங்கிருந்து தெருத்தெருவாகப் பிரிப்பது மறுபடியும் பங்குக் கணக்குதான்.

அந்த வீட்டுக்குத் திரும்பலாம். லேன் வயர் மாடி ஏறியாயிற்று, 27 என்று எழுதியாயிற்று, வகுப்பு தடங்கலில்லாமல் நடக்கிறது. எட்டேகாலுக்குப் பெட்டியில் ‘லாஸ்’ விளக்கு சிவப்பாகக் கண் சிமிட்டுகிறது. இந்தப் பக்கத்துச் சாலைகளில் கல்குவாரி லாரிகள் ஓய்வதில்லை. உயரமான லோடு ஒன்று எங்கேயோ தாழத் தொங்கிய இழையை இழுத்துக்கொண்டு போயிருக்கலாம். ஆயாவின் சீரியல் நடுவாக்கியத்தில் நிற்கிறது. அக்கா தன் போனில் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு வகுப்பைத் தொடர்கிறாள். ரெண்டே நிமிஷத்தில் அவள் போனில் ‘2 பேர் இணைந்துள்ளனர்’ என்று வருகிறது. கூடத்தை எட்டிப் பார்த்துவிட்டு, பாஸ்வேர்டை மாற்றுகிறாள்.